அனுமதியா, தடையா?

அமைச்சர் மீது வழக்குத் தொடர ஆளுநர் 'சாங்ஷன்' அளித்தார் என்று ஒரு செய்தி வருகிறது. அமெரிக்கா ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்ஸ்' விதித்தது என்று இன்னொன்று. முன்னது அனுமதி, பின்னது தடை. மொழிபெயர்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொண்டால் கூண்டில் ஏற வேண்டியவர் தலைப்புச் செய்தியிலேயே விடுதலையாகிவிடுவார்.

ஒரே சொல்லுக்கு எப்படி இந்த இரட்டை வேடம்? அதன் லத்தீன் வேருக்குப் புனிதமாக்குதல், சட்டமாக்கி உறுதி செய்தல் என்று பொருள். சட்டம் தரும் ஒப்புதலும் சரி, மீறினால் தரும் தண்டனையும் சரி, அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அகராதி இரண்டையும் வரிசையாகத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தீர்ப்பு சொல்ல வேண்டியவை பக்கத்துச் சொற்கள். கடன், விடுப்பு, நிதி, வழக்கு என்று வந்தால் அனுமதி. நம்மூரில் 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்கிறோமே, அது. பன்மையில் வந்து ஒரு நாட்டின் மீது பாய்ந்தால் தடை. 1998 மே மாதம் பொக்ரான் அணுசோதனைக்குப் பிறகு இந்தியா மீது அமெரிக்கா விதித்தது இந்த இரண்டாவது ரகம்.

'ஓவர்சைட்'டும் இதே சாதிதான். மேற்பார்வை என்றும் பொருள். கவனப் பிசகு என்றும் பொருள். 'பை ஓவர்சைட்' என்றால் சந்தேகமில்லாமல் பிசகு. ஆனால் 'ஓவர்சைட் கமிட்டி' மேற்பார்வைக் குழு. இதைக் கவனப் பிசகுக் குழு என்று எழுதினால், உண்மை அதுவாகவே இருந்தாலும், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சில சமயம் பக்கத்துச் சொற்களும் கைகொடுக்காது. பேசுபவர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்க வேண்டும். ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனிலும் இந்தியாவிலும் அவை முன் வைப்பது. அமெரிக்காவில் அதையே கிடப்பில் போடுவது. 1941 டிசம்பரில் தொடங்கிய வாஷிங்டன் போர்க்காலப் பேச்சுகளில் இந்தச் சொல்லால் விளைந்த சச்சரவை சர்ச்சில் தன் போர் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். ஓர் அறிக்கையை உடனே விவாதிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் 'டேபிள்' செய்யச் சொல்ல, அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றிய பிறகுதான் இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்று தெரிந்தது.

இதில் உயிராபத்தும் உண்டு. பெட்ரோல் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' எளிதில் தீப்பற்றும் என்று எச்சரிக்கிறது. 'இன்கரெக்ட்' போல இதிலும் முன்னால் இருப்பது எதிர்மறை ஒட்டு என்று நினைப்பவருக்கோ தீப்பற்றாது என்று படும். அதனால்தான் அமெரிக்கத் தீத்தடுப்பு வட்டாரங்கள் 1920களிலேயே முன்னொட்டை வெட்டி 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான். தீப்பற்றாது என்று சொல்ல 'நான்' சேர்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை: எழுதிய வாக்கியத்தில் அந்தச் சொல்லின் எதிர்ப்பொருளைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அதுவும் இயல்பாகப் பொருந்தினால் நீங்கள் இருப்பது ஆபத்தான இடம். அகராதியை மூடிவிட்டு, செய்தி அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.