தாய்ப்பால் போதவில்லையா?

நஞ்சன்கூட்டிற்கு வடக்கே, ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய மைசூரில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. கொழுப்பு மிகுந்த எருமைப் பாலைச் சிசுக்கள் ஜீரணிக்கத்தக்க உணவாக மாற்றும் முறையை இந்நிலையத்தார் வகுத்தளித்தனர். ஆனந்த் நகரின் கூட்டுறவுப் பாற்பண்ணை அதனை உற்பத்தி செய்தது. தாய்ப்பால் பெற வழியற்ற சிசுக்களுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேவையின்றி ஒரு வீட்டில் புகும் பால்மாவு, இல்லாத குறையை உண்டாக்கிவிடும் என்பதே நமது கருத்து.

நஞ்சன்கூடாயினும் நாகர்கோவிலாயினும், களப்பணியாளர் அடிக்கடி கேட்கும் முறையீடு, "பால் போதவில்லை" என்பதாகும். குழந்தை அழுகிறது, ஓயாமல் பால் கேட்கிறது, மார்பு முன்போல் கனக்கவில்லை என்பவையே காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் எதுவும் தனித்து நின்று பால் குறைவுக்குச் சான்றாகாது.

இறைக்கிற கிணறுதான் ஊறும். குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்னும் ஹார்மோன் சுரக்கின்றது. இரவில் இது மிகுதி. மார்பில் பால் தங்கினாலோ சுரப்பு தணிகின்றது. ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் ஒரு வேளை சப்புவது குறையும். மறுநாள் பாலும் குறையும். தாயின் அச்சம் இவ்வாறு மெய்யாகிவிடுகின்றது.

எனவே ஊகத்தை விடுத்து அளந்தறிதல் வேண்டும். ஐந்தாம் நாளுக்குப்பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கின்றதா? இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் அடைந்ததா? பின்னர் மாதந்தோறும் 500 கிராமுக்குக் குறையாமல் கூடுகின்றதா? ஆம் எனில் பால் போதுமானது. இல்லையெனில், குழந்தை மார்பைப் பற்றும் முறையை முதலில் திருத்துக. அடிக்கடி பாலூட்டச் செய்க.

உண்மையான குறைவும் சிலருக்கு உண்டு. தைராய்டுக் குறைபாடு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, மார்பில் செய்த அறுவை முதலியன காரணமாகலாம். இத்தாயரைக் குறை கூறுதல் தகாது. மருத்துவரிடம் அனுப்புதலே கடமை. சோர்ந்து கிடந்து, பால் குடியாமல், சிறுநீரும் குறைந்த குழந்தையை அன்றே மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும். அங்கே மாற்றுப்பால் தேவைப்படின், அது மருந்துபோல் அளவறிந்து தரப்படும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ 41.8 சதவீதமே. பால்மாவு விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. ஆனால் அண்டை அயலாரின் அவசர யோசனையைச் சட்டம் தடுக்க இயலாது. அதனைச் செய்யத்தக்கவர்கள், 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீடு தேடிச் செல்லும் ஆஷா பணியாளரும், நாளைய பெற்றோருக்கு இன்று பாடம் சொல்லும் ஆசிரியருமே. "என்ன கொடுக்கலாம்?" என்று தாய் வினவும்போது, தராசை எடுத்த பின்னரே அவர்கள் விடை கூறுவார்களாக.