மூடுபனியில் ஒரு காட்டெருமை

மே விடுமுறைக்குக் குன்னூர் வந்த பேரப்பிள்ளைகள், மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்குள்ளேயே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடினார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியே ஆடவேண்டும். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அந்நிய ஆட்டம் என்று முகம் சுளிக்க எனக்கு மனமில்லை. ஸ்நூக்கருக்கு விதி எழுதி மாட்டியதே 1882-இல் நம் ஊட்டி கிளப்பில்தானே!

பன்னிரண்டு வயதுப் பேரன் மாயத்தோற்றம் காட்டும் மந்திரவாதியாக வேண்டும் என்றான். என் மகளுக்குப் பிடிக்கவில்லை. "ஏமாத்துறதையா பழகணும்? நெருப்பு எறியிற மந்திரவாதியா இருந்துட்டுப் போயேன்டா" என்றாள். இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பேரன் தேர்ந்தெடுத்ததுதான் சரி.

அவர்கள் வைத்திருந்தது 2014-ஆம் ஆண்டு விதிப்புத்தகம். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு மதிப்பெண்களை ஆறு குணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். 15-ஐ அறிவுக்கும் 8-ஐ உடல் பலத்துக்கும் கொடுத்தான். காட்டில் வாழும் குள்ளர் இனத்தை எடுத்ததால் அறிவுக்கு இன்னும் 2 சேர்ந்து 17 ஆனது. கணக்குப் போட்டால், இவன் காட்டும் தோற்றத்தை ஆராய்கிற எதிரிக்கு 13 விழவேண்டும். சாதாரண அறிவுள்ளவனுக்கு இருபதில் எட்டு வாய்ப்பு.

முதல் நாள் பாதையை மறித்து ஒரு கல்சுவரைக் காட்டினான். பூதம் ஒன்று ஓடிவந்து கைவைத்தது. கை உள்ளே போய்விட்டது. தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது விதி. பையனுக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் அவன் காட்டியது, மூடுபனிக்குள் பாதி மட்டும் தெரியும் காட்டெருமை. 15 அடிக் கனசதுரத்துக்குள் அடங்கும் உருவம். அந்த மந்திரத்தில் சத்தம் வராது. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையைப் பார்த்த நமக்குத் தெரியும், அது சத்தமே போடாமல் நின்று முறைக்கும். கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க எவனுக்கும் துணிச்சல் வராது. பூதங்கள் நாலும் திரும்பி ஓடின. வாய் திறக்காத பையன், அதன் கொம்பையும் மூச்சுப்புகையையும் ஐந்து நிமிடம் வர்ணித்தான்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? தான் காட்டுவது இன்னதென்று மேசையைச் சுற்றி இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் அவன் ஆடினான். ஏமாந்தவை கதையில் வரும் பூதங்கள் மட்டும். கூத்தில் மாரீசனாக ஆடுபவரை யாராவது ஏமாற்றுக்காரர் என்போமா?

இன்னொன்றையும் அவன் கற்றுக்கொண்டான். ஆசையோ பயமோ உள்ள இடத்தில்தான் மாயம் எடுபடும். பொன்மானை வைத்தது ஆசையில். காட்டெருமையை வைத்தது பயத்தில். இன்று 'டிஜிட்டல் கைது' என்று வீடியோவில் போலீஸ் உடையில் மிரட்டுகிறவனும் இதையேதான் செய்கிறான். தொட்டுப் பார்க்கவிடாமல், யாரிடமும் பேசவிடாமல் அவசரப்படுத்துகிறான். அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையாது.

அந்த ஆட்டத்தில் மாயத்தை ஆராய ஒருவன் தன் முறையைச் செலவழிக்கவேண்டும். அந்த நேரம் சண்டை போடமுடியாது; நின்று பார்க்கத்தான் முடியும். நம் வயதுக்காரர்கள் பழகவேண்டியதும் அதுதான். போனை வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், 1930-க்குச் சொல்லுங்கள்.

மகள் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு எனக்கும் ஒரு பாத்திரம் தயாராகிறது. நானும் மந்திரவாதிதான்.