கையெழுத்துக்கு மட்டும்தானா அம்மா?

ப்ளேஸ்மெண்ட் சீசன்ல உட்கார்ந்துகிட்டு இவன் ஏன் எழுத்தறிவு பத்தி எழுதுறான்னு நீங்க நினைக்கலாம். நியாயமான கேள்விதான். காரணம் ரொம்பச் சின்னது. இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம செகண்ட் இயர் மக்கள் என்எஸ்எஸ் கேம்ப்புக்கு ஊர் பார்க்கப் போவாங்க. ஏழு நாளுக்கும் அட்டவணை போடுவாங்க. அதுல மூணாவது நாளோ நாலாவது நாளோ 'எழுத்தறிவு விழிப்புணர்வுப் பேரணி'ன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த ஒரு வரியோட எனக்குச் சண்டை இருக்கு.

யாருக்கு விழிப்புணர்வு? படிப்பு முக்கியம்னு தெரியாத அம்மா அப்பாவை இன்னைக்குத் தமிழ்நாட்டுல எங்கே தேடுவீங்க? நூறு நாள் வேலைச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வேன் ஃபீஸ் கட்டுறாங்க. ஆட்டை வித்து டெர்ம் ஃபீஸ் கட்டுறாங்க. அவங்க வாசல்ல நின்னு, பதினெட்டு வயசுப் பையன் அட்டையைத் தூக்கிப் பிடிச்சு 'பிள்ளைகளைப் படிக்க வைப்போம்'னு கத்தினா அவங்க என்ன நினைப்பாங்க? நான் போன கேம்ப்ல ஒரு அக்கா நினைச்சதை வாய்விட்டே கேட்டுட்டாங்க. பேரணி அவங்க வீட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடிச்சு நிறுத்தி, ஒரு ஸ்கூல் டைரியை நீட்டினாங்க. "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிட்டுப் போ."

மறுநாள் சார்ட் பேப்பரும் பசையும் கொண்டுவரணும்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தது, அவ்வளவுதான். அந்த அக்கா தமிழ்ல எட்டாவது வரை படிச்சவங்க. பையன் பக்கத்து டவுன்ல இங்கிலீஷ் மீடியம், ரெண்டாங்கிளாஸ். தினமும் சாயங்காலம் டைரியை எடுத்துக்கிட்டு நாலு வீடு தள்ளி இருக்கிற பத்தாங்கிளாஸ் பொண்ணுகிட்டப் போவாங்களாம். அந்தப் பொண்ணு டியூஷன் போயிருந்தா அன்னைக்கு ஹோம்வொர்க் கிடையாது. இன்னொண்ணும் சொன்னாங்க: ஃபீஸ் கட்டச் சொல்லி வர்ற மெசேஜ் மட்டும் சுத்தமான தமிழ்ல வருமாம்.

இந்த அக்கா நம்ம நாட்டுப் புள்ளிவிவரத்துல எழுத்தறிவு உள்ளவர். 2019–21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 84 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றவங்க. ஒன்பதாவது முடிச்சிருந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாவோ பாதியாவோ படிச்சாலோ அந்தக் கணக்குல சேர்ந்துடலாம். மீதி 16 சதவீதத்தைத் தேடித்தான் நாம பேரணி போறோம். இந்த 84க்குள்ளேயே இருந்துகிட்டு, சொந்தப் பிள்ளையோட நோட்டுக்கு வெளியே நிக்கிற அம்மாக்களைப் பத்தி யாரும் அட்டை எழுதுறதில்லை.

கொஞ்சம் உங்க வீட்டையும் நினைச்சுப் பாருங்க. இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேராவது என்னை மாதிரி எல்கேஜியில ஆரம்பிச்சு ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களாத்தான் இருப்பீங்க. எத்தனாவது வரைக்கும் அம்மா பக்கத்துல உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தாங்க? எனக்கு மூணாவது வரை. நாலாவதுல அறிவியல் புத்தகத்துல ஃபோட்டோசிந்தசிஸ் வந்துச்சு, அம்மா எழுந்து போயிட்டாங்க. கத்தரிச் செடியை எங்கே வச்சா காய்க்கும், எது நிழல்ல தாங்கும், இலை ஏன் மஞ்சளாகுது, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. பாடம் அதைப் பத்தினதுதான். ஆனா பாடத்துக்குள்ள நுழையிற கதவு இங்கிலீஷ்ல இருந்துச்சு. அதுக்கப்புறம் 'ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?'ங்கிற ஒரே கேள்விதான் அவங்களுக்கு மிச்சம். ரேங்க் கார்டுல கையெழுத்து வேணும்னா கூப்பிடுவோம்.

குடும்ப எழுத்தறிவுன்னு உலகம் முழுக்கச் சொல்றாங்களே, அதை நம்ம ஊர்ல பெரும்பாலும் 'பெத்தவங்களுக்கும் அ, ஆ சொல்லிக் கொடுக்கிறது'ன்னு சுருக்கிப் புரிஞ்சுக்கிறோம். அது ஒரு பகுதிதான். அந்த வீட்டுல ஏற்கெனவே இருக்கிற பேச்சு, கணக்கு, கதை எல்லாத்தையும் பிள்ளையோட படிப்போட இணைக்கிறதுதான் முக்கியமான பகுதி. அம்மா மளிகைச் சாமான் சொல்லச் சொல்ல பிள்ளை லிஸ்ட் எழுதுறது. ரேஷன் பில்லையும் கரண்ட் பில்லையும் ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கிறது. பூக்கட்டுற பாட்டி ஒரு முழத்துக்கு எத்தனை பூன்னு சொல்ல, அஞ்சு முழத்துக்குப் பேத்தி கணக்குப் போடுறது. எழுதத் தெரியாத பாட்டி கதை சொல்ல முடியும். எழுதத் தெரிஞ்ச பேரன் அதை எழுத முடியும். எழுதினதை அவங்களுக்கே வாசிச்சும் காட்டலாம். இதுக்கெல்லாம் பெத்தவங்க டீச்சர் ஆகணும்னு அவசியமில்லை. பக்கத்துல உட்கார ஒரு காரணம் கிடைச்சாப் போதும்.

இது ஏதோ நல்லெண்ணப் பேச்சுன்னு தோணினா, ஒரு ஆய்வு இருக்கு. ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெர்ரி, மார்க் ஷாட்லண்ட் மூணு பேரும் ராஜஸ்தான், பீகார் கிராமங்கள்ல செஞ்சு 2017ல வெளியிட்டது. சில ஊர்கள்ல அம்மாக்களுக்கு எழுத்து, கணக்கு வகுப்பு நடந்தது. சில ஊர்கள்ல வகுப்பு இல்லை; வீட்டுல பிள்ளையோட உட்கார்ந்து என்ன செய்யலாம்னு அம்மாக்களுக்குப் பயிற்சி மட்டும். சில ஊர்கள்ல ரெண்டும். மூணு வகையிலயும் பிள்ளைகளோட கணக்கு மதிப்பெண் கூடிச்சு. கொஞ்சமாத்தான் கூடிச்சு, அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க. அம்மாக்கள் தாங்களும் கத்துக்கிட்டாங்க, பிள்ளைங்க படிப்புல முன்னைவிட அதிகமாத் தலையிட்டாங்க. இதுல என்னைப் பிடிச்சு நிறுத்தினது அந்த ரெண்டாவது வகைதான். வகுப்பே நடத்தாம, பக்கத்துல உட்கார வழி காட்டினதுக்கே பலன் இருந்திருக்கு.

ஊரே சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு வடக்கே போக வேண்டியதில்லை, புதுக்கோட்டை போதும். 1990களோட ஆரம்பத்துல அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தைப் பத்தி நம்ம வயசுல இருக்கிறவங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. எனக்கும் பி. சாய்நாத் எழுதினது வழியாத்தான் தெரியும். வயல்லயும் குவாரியிலயும் வேலை செஞ்ச பெண்கள் ராத்திரி நேரத்துல எழுத்துக் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், அதோட சைக்கிள் ஓட்டக் கத்துக்கிறதையும் சேர்த்தாங்க. எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்னு அப்பவும் கேட்டிருப்பாங்க. பத்து வயசுக்குக் கீழே உள்ள சிறுமிகளைக் கழிச்சா, அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள்ல நாலுல ஒரு பங்கு பேர் சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு சாய்நாத் எழுதுறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காம நிறைய பேர் ஜெண்ட்ஸ் சைக்கிளே வாங்கினாங்க. அதுல ஒரு வசதியும் இருந்துச்சு: முன்னாடி இருக்கிற பார்ல பிள்ளையை உட்கார வச்சுக்கலாம். ஒரு மெக்கானிக்கல் மாணவனா சொல்றேன், அந்தக் கம்பிக்கு இதைவிட நல்ல பயன்பாட்டை நான் எந்த டிசைன் புத்தகத்துலயும் பார்த்ததில்லை.

அறிவொளிப் பாடநூலோட ஆரம்பப் பாடத்துல வந்த சொல் 'பட்டா'. நிலம் இல்லாதவங்களுக்கும், இருந்தும் பேர்ல இல்லாதவங்களுக்கும் அந்தச் சொல்லைப் படிக்க யாராவது விழிப்புணர்வு ஊட்டணுமா என்ன? பெரியவங்களுக்குப் பாடம் நடத்தப் போறவங்க முதல்ல அவங்க வாழ்க்கையில எந்தச் சொல் கனமா இருக்குன்னு கேட்டுக்கணும்னு அந்தப் புத்தகம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம அக்காவுக்கு அந்தச் சொல் 'டைரி'.

நம்ம காலத்துக்கு வருவோம். கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல தொடங்கின இல்லம் தேடிக் கல்வி உங்க தெருவுலயும் நடந்திருக்கலாம். சாயங்காலம் திண்ணையிலயோ மரத்தடியிலயோ ஒண்ணுல இருந்து எட்டாவது வரை பிள்ளைங்களுக்கு வகுப்பு. நடத்தினது அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், ஏறக்குறைய 2 லட்சம் பேர். ஊக்கத்தொகை மாசம் ஆயிரம் ரூபாய். அது குறைவுங்கிறது என் கருத்து, அதைத் தனியா ஒரு கட்டுரையில பேசணும். தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாசத்துல இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துட்டதாவும், அதுல சுமார் 24 சதவீதத்துக்கு இந்தத் திட்டம்தான் காரணம்னும் சொல்லுது.

ஏன் நடந்துச்சு? எனக்குத் தோணுறது இதுதான். சொல்லிக் கொடுத்தவங்க 'மேடம்' இல்லை, 'அக்கா'. அம்மா குழாயடியில அவங்களைப் பார்த்து, 'எம்புள்ள எப்படி படிக்குது?'ன்னு கூச்சமில்லாம கேட்க முடிஞ்சது. அதே கேள்வியை ஸ்கூல் ஆபீஸ் ரூம்ல போய்க் கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஆனா இந்தத் திட்டத்துலயும் ஒரு குறை எனக்குப் படுது. பிள்ளை திண்ணைக்குப் போச்சு, படிச்சிட்டு வந்துச்சு. திண்ணை வரைக்கும் வந்த படிப்பு இன்னும் நாலு அடி நடந்து அடுப்படிக்குள்ள போகலை.

சட்டப்படி பெத்தவங்களுக்கு ஒரு இடம் இருக்கு, தெரியுமா? 2009 கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகள்ல பள்ளி மேலாண்மைக் குழு வேணும்னு சொல்லுது. நாலுல மூணு பங்கு பெற்றோர்; குழுவுல பாதிப் பேர் பெண்கள். காகிதத்துல அருமை. கூட்டத்தை வேலை நாள் பிற்பகல்ல போட்டா, களை எடுக்கப் போன அம்மா அரை நாள் கூலியை விட்டுட்டு வரணும். வந்து உட்கார்ந்தா சத்துணவு, சுற்றுச்சுவர், கழிப்பறைன்னு பேச்சு போகும். எல்லாம் தேவையானதுதான். ஆனா 'உங்க பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கிறதைக் கேளுங்க'ன்னு ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துற கூட்டத்தைப் பத்தி நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு விஷயம், சும்மா சொல்லி வைக்கிறேன். 'பெற்றோர்'னு எழுதுற எல்லாத் திட்டமும் அம்மாவைத்தான் மனசுல வச்சிருக்கு. நானும் இந்தக் கட்டுரை முழுக்க அம்மா, அக்கான்னுதான் எழுதிட்டு வந்திருக்கேன், பாருங்க. அப்பாக்கள் எங்கே வாசிக்கிறாங்க? டீக்கடையில. ஒருத்தர் தினத்தந்தியை விரிச்சுச் சத்தமா படிக்க, நாலு பேர் கேட்டு விவாதம் பண்றது நம்ம ஊர்ல ரொம்ப நாளா நடக்குற வாசிப்பு வகுப்பு. சம்பளம் இல்லை, பேனர் இல்லை, வருகைப் பதிவு இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில அந்த பெஞ்ச்ல பிள்ளையையும் உட்கார வச்சு, ஒரு செய்தியை அதைப் படிக்கச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

சரி, நம்மால என்ன முடியும்னு கேட்பீங்க. என்எஸ்எஸ்ல ஒரு மாணவர் ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை செய்யணும். அதுபோக ஏழு நாள் சிறப்பு முகாம். மணி நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதைச் செலவழிக்கிற விதத்துலதான் பிரச்சினை. ஏழு நாள் ஊர்ல இருந்துட்டு வர்றோம், எட்டாவது நாள் அந்த அக்கா பழையபடி நாலு வீடு தள்ளிப் போறாங்க.

பேரணிக்கு ஒதுக்குற அந்த நாளை வீடு வீடாப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்க வச்சுக்கோங்க: 'உங்க பிள்ளை படிப்புல எதைப் புரிஞ்சுக்க முடியாம நிக்கிறீங்க?' பதிலை அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க. அந்த ஊர்ப் பத்தாவது, ப்ளஸ் ஒன் பிள்ளைங்க நாலு பேரைச் சேர்த்துக்கோங்க, ஏன்னா நாம கிளம்பின பிறகும் அவங்க அங்கேயே இருப்பாங்க. டைரிக்கு ஒரு வாட்ஸ்அப் க்ரூப் போதும். அம்மா போட்டோ அனுப்பினா, நம்ம ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் தமிழ்ல வாய்ஸ் நோட் அனுப்பலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸ் பார்க்குற நமக்கு அது ஒரு நிமிஷ வேலை. ஆனா இது தற்காலிக ஒட்டுவேலைதான். அந்த ஊர்ப் பெத்தவங்க பத்துப் பேர் சேர்ந்து ஸ்கூலுக்குப் போய், 'டைரியில ரெண்டு வரி தமிழ்லயும் எழுதுங்க'ன்னு மனு கொடுக்கிற வரைக்கும் கூட இருக்கணும். மனுவை அவங்களே எழுதட்டும், அவங்களே கையெழுத்துப் போடட்டும். ஃபீஸ் மெசேஜைத் தமிழ்ல அனுப்பத் தெரிஞ்ச நிர்வாகத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

மாசம் ரெண்டு சனிக்கிழமை சாயங்காலம் போனாலே 240ல பெரும்பகுதி கணக்கு வந்துடும். கேம்ப் ஊர் காலேஜ்ல இருந்து டவுன் பஸ் போற தூரத்துல இருக்கணும், அதை மட்டும் ஊர் பார்க்கும்போதே கவனிச்சுக்கோங்க. போன தடவை எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஆறே காலுக்கு. வேலைக்குப் போன அம்மாக்கள் வீடு திரும்புறது ஆறரைக்கு.