அர்வனாவின் களமும் களவுப் பியானோவும்



களவாய் வந்த கருவியால் இசைக்கப்படும் துதி காணிக்கையாகுமா? இந்த வாரத் தியானத்துக்கு இக்கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இவ்விரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட கிராமங்களிலும், வீட்டின் ஒரு மூலையில் கணினியும் மைக்கும் கீபோர்டும் வைத்துப் பாடல் பதிவு செய்யும் வாலிபப் பிள்ளைகள் இன்று நமக்கு இருக்கிறார்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆயினும் அந்தக் கணினிக்குள் இருப்பவற்றில் எத்தனை நேர்வழியில் வந்தவை என்று கேட்காமல் துதித்துக்கொண்டே இருப்பது மேய்ப்பனுடைய வேலை அன்று.

பதிவு மென்பொருளை மாற்றும் வேளையில்தான் இந்தச் சோதனை வலுவாய் வருகிறது. எஃப்எல் ஸ்டுடியோவிலோ கியூபேஸிலோ பழகிய ஒரு தம்பி ரீப்பருக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளோடு சேர்ந்து வந்த பியானோவும் வயலினும் டிரம்ஸும் பெரும்பாலும் அந்த வீட்டுக்கே உரியவை. புதிய வீட்டுக்குக் கூட வருவதில்லை. ரீப்பரோ கருவிகளை மிகக் குறைவாகவே தன்னோடு கொண்டுவருகிறது. மிடி ஸ்வரங்கள் வந்து சேரும். அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவி இராது. அந்த மௌனத்தின் நடுவே ஒரு பென் டிரைவ் கைமாறுகிறது. லட்ச ரூபாய் பெறும் ஒலித்தொகுப்புகள், பூட்டு உடைக்கப்பட்டு, 'கிராக்' என்ற பெயரில் சபைக்குச் சபை பயணம் செய்கின்றன.

இதற்கு முதலாவது சொல்லப்படும் நியாயம், 'ஊழியத்துக்குத்தானே' என்பது. 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எபூசியனாகிய அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் பலிக்கென்று இலவசமாகவே தாவீதுக்குக் கொடுக்க முன்வருகிறான். ராஜா மறுக்கிறார், ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய பின்னரே பலிபீடம் கட்டுகிறார். உரியவன் மனமுவந்து கொடுத்ததையே விலையின்றிப் பலியிடக் கூசினார் தாவீது. உரியவன் கொடுக்காததை எடுத்துப் பலியிட நாம் கூசுவதில்லை! எலிசாவின் காலத்தில் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன், கோடரி யோர்தானில் விழுந்தபோது, அது இரவல் வாங்கியதாயிற்றே என்று பதறினான். அவர்கள் வெட்டியதும் தேவ காரியத்துக்கான மரந்தான். ஆனாலும் பிறனுடைய இரும்பு அவன் மனச்சாட்சியில் கனத்தது.

இரண்டாவது நியாயம், 'பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்?' என்பது. எட்டாம் கட்டளை, பொருளுக்கு உரியவன் செல்வனா ஏழையா என்று விசாரிப்பதில்லை. தேசத்தின் சட்டமும் விசாரிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி, களவுப் பிரதி என்று அறிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். லாபநோக்கம் இல்லாவிடில் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றம் குற்றமே. மதச் சடங்கில் பாடலை நிகழ்த்துவதற்கு அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த விலக்கு பாடுவதற்கு உரியது. பூட்டுடைத்த மென்பொருளுக்கு அதில் இடமில்லை.

மூன்றாவது நியாயமே மனதைத் தொடுவது: 'நாங்கள் ஏழைச் சபை, ஐயா.' இதற்கு நான் கடிந்துகொள்ளுதலை அல்ல, ஒரு வழியைக் காட்டுகிறேன். மனமுவந்து கொடுக்கப்பட்டவை ஏராளமாய் இருக்கையில் திருடுவானேன்?

இன்று சர்ஜ் எக்ஸ்டி என்று வழங்கும் சிந்தசைசர் ஒருகாலத்தில் சர்ஜ் என்ற பெயரில் விலைக்கு விற்கப்பட்டது. அதை உருவாக்கியவர் 2018-இல் அதன் மூலநிரலையே உலகுக்குத் திறந்து கொடுத்துவிட்டார். பழைய யமஹா டிஎக்ஸ்7-இன் ஒலிகளை டெக்ஸ்டு இலவசமாய்த் தருகிறது. யமஹா சி5 பியானோ ஒன்றைப் பதிவு செய்து எவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது சாலமாண்டர். ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவசக் கருவியில் அதை ஏற்றி வாசிக்கலாம். டிரம்ஸுக்கு எம்டி பவர் டிரம் கிட் உண்டு. லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவினர் வாசித்த ஒலிகளின் சிறிய தொகுப்பு 'டிஸ்கவர்' என்ற பெயரில் கிடைக்கிறது. பியானோபுக் என்னும் இடத்திலோ, உலகெங்கும் உள்ள எளியவர்கள் தங்கள் வீட்டுப் பியானோவைத் தாங்களே பதிவு செய்து அந்நியருக்குக் கொடுக்கிறார்கள்; அவற்றுள் பலவற்றை இலவசமான டிசென்ட் சாம்ப்ளரில் வாசிக்கலாம். முன்பின் அறியாத ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்க, நாம் அடுத்த வீட்டுப் பூட்டை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இவை விஎஸ்டி முதலிய பொது வடிவங்களில் வருவதால், நாளை மறுபடியும் மென்பொருளை மாற்றினாலும் பெரும்பாலும் உங்களோடு வரும். பழைய மென்பொருளை விட்டுப் புறப்படுமுன் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாகவும், ஸ்வரங்களை மிடி கோப்பாகவும் எடுத்து வையுங்கள். ஒலித்தொகுப்பின் உரிம வாசகத்தையும் வாசியுங்கள்: சில எதற்கும் உதவும்; சில வணிகத்துக்கு உதவா; சில, கொடுத்தவர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும். பாடல் காணொளியின்கீழ் அந்தப் பெயரை எழுதுவதும் நன்றியறிதலே.

இலவசத்தை ஏற்பது தாவீதின் மாதிரிக்கு முரண் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. அச்சுப்பொறி லண்டனிலிருந்து வந்த அன்பளிப்பு; முதல் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயில் வார்க்கப்பட்டவை. பெற்றவர்கள் அன்பளிப்பை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. மொழியைக் கற்று, மொழிபெயர்த்து, அச்சுக் கோத்து, தங்கள் உழைப்பைக் கிரயமாகக் கொடுத்தார்கள். இலவசக் கருவியிலும் கிரயம் உண்டு. அது பணமாக இராது; பயிற்சியாக இருக்கும். எளிய பியானோ ஒலியை உயிருள்ளதாக்க விரல் பழகவேண்டும், காது பழகவேண்டும். அந்த மணிநேரங்களே உங்கள் ஐம்பது சேக்கல்.

இனி மூப்பர்களுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. 'சினிமாப் பாட்டுப்போல் இருக்கவேண்டும்' என்று பிள்ளைகளிடம் கேட்கிறீர்கள். வரவுசெலவில் அதற்கென ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை. பேனருக்கும் மேடை அலங்காரத்துக்கும் உண்டு. 60 டாலர் ரீப்பர் உரிமத்துக்கு இல்லை. அறுபது நாள் பரீட்சைக் காலம் முடிந்தபின்னும் அது திறக்கிறது என்பதற்காக, செலுத்தவேண்டியது தள்ளுபடி ஆகிவிடாது. வைக்கோல் கொடாமல் செங்கல் கேட்டவன் பார்வோன். பிள்ளைகளின் களவில் நமக்கும் பங்கு உண்டு என்பதை உணருங்கள்.

நம் மண்ணின் தாளவாத்தியங்களுக்கோ, தரமான இலவசத் தொகுப்புகள் குறைவு. அதற்காக வருந்தவேண்டாம். டோலக் வாசிக்கும் அண்ணனும் தபேலா தெரிந்த பெரியவரும் நம் பாய்களிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் மைக்கை வையுங்கள். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இப்படிப்பட்ட கைகளின் தாளத்திலேயே தலைமுறைகளைக் கடந்து வந்தன.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரமே உங்கள் கணினியைத் திறந்து பாருங்கள். உரியதல்லாததை நீக்குங்கள். அதனால் ஒரு பாடல் முற்றுப்பெறாமல் நின்றால் நிற்கட்டும். சகேயு தன் வீட்டுக்கு வந்த ஆண்டவருக்கு முன்பாக, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தர எழுந்து நின்றான். இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்தது. நம் பதிவு அறைகளுக்கும் அது வரட்டும். ஆமென்.