கொல்லிமலையில் 70... ஸ்டெல்வியோவில் 48!

சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள் விரிந்து கிடந்தது. ஆறு நாள், ஐந்து நாடு. ஆஸ்திரியாவில் காபி, இத்தாலியில் மலை, சுவிட்சர்லாந்தில் ஏரி, லிக்டென்ஸ்டைனில் ஒரு செல்ஃபி, பிரான்ஸில் ஓர் இரவு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன், சேலத்திலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவுக்காகப் போட்ட திட்டம் அது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பெற்றோர் வந்திருப்பது ஷெங்கன் விசாவில். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அப்பாவுக்கு 68 வயது. அம்மாவுக்கு மூட்டு வலி. 'இன்னொரு தடவை வருவாங்களோ, மாட்டாங்களோ... வந்ததுக்கு எல்லாத்தையும் காட்டிடணும்' என்று மகன் தவித்தான். வெளிநாட்டில் இருக்கும் பல பிள்ளைகளுக்கு இந்தத் தவிப்பு உண்டு.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். அரசுப் பேருந்தில் 30 வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"எங்கெங்க ஓட்டுறதுன்னு எழுதியிருக்க. எங்க நிறுத்துறதுன்னு எழுதலையே தம்பி?"

"நிறுத்துறதுக்கெல்லாம் நேரம் இல்லப்பா" என்று சிரித்தான் மகன்.

லைசென்ஸுக்கு ஒரு வருஷம்

மகன் ஒன்றும் கத்துக்குட்டி டிரைவர் இல்லை. ஜெர்மனியில் குடியேறினால் இந்திய லைசென்ஸ் ஆறு மாதம் வரைதான் செல்லும். அதன்பிறகு கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு என எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர ஆங்கிலம், துருக்கி, அரபி உட்பட 12 மொழிகளில் எழுதலாம். அந்தப் பட்டியலில் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை.

எழுத்துத் தேர்வில் சுலபமாகத் தேறிய மகன், சாலைத் தேர்வில் முதல் முறை தோற்றான். தடம் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்தான். கண்ணாடியில் தெரியாத மூலையைத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், பெயில்! பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முதல் வழி என்பது போன்ற விதிகளெல்லாம் ரத்தத்தில் ஊற, முழுசாக ஒரு வருஷம் ஆனது.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஓட்டல்ல நாம கொண்டுபோனதைச் சாப்பிட்டா திட்டுவாங்களா?"

அதற்கு முந்தைய வாரமே பதில் கிடைத்திருந்தது. மியூனிக்கில் 'பியர் கார்டன்' என்ற மரநிழல் தோட்டங்கள் உண்டு. அங்கே பானத்தை மட்டும் கடையில் வாங்கினால் போதும், சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துவரலாம். 1812-ல் பவேரிய மன்னர், மதுவடிப்பவர்கள் தங்கள் நிலவறை வாசலில் பியர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு உணவு பரிமாறக் கூடாது என்று உத்தரவிட்டார். அன்று மக்கள் கையில் சாப்பாட்டுக் கூடையோடு வர ஆரம்பித்தார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. செஸ்ட்நட் மரத்தடியில் அம்மா எலுமிச்சை சாதமும் எலுமிச்சை ஜூஸும் சாப்பிட, பக்கத்து மேஜைப் பாட்டி உருளைக்கிழங்கு வறுவலை எட்டிப் பார்த்து, ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சைரன் கேட்கும் முன்பே வழி

ஜூலை மாதச் சனிக்கிழமை. மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி, தாத்தா, பாட்டி என ஐந்து பேரோடு கார் கிளம்பியது. 12 வயது வரை, அல்லது 150 செ.மீ. உயரம் வரும் வரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பதால், பேத்தி தன் இருக்கையில் ராணி போல உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடே இல்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். சில பகுதிகளில்தான் அப்படி. அங்கும் 130 கி.மீ. என்பது அரசின் பரிந்துரை. இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். வலப்பக்கமாக முந்துவது குற்றம்.

மலை அடிவாரம் நெருங்கும்போது வண்டிகள் ஊர்ந்தன. அப்போது அப்பா ஓர் அதிசயத்தைப் பார்த்தார். இடது தடத்து வண்டிகள் எல்லாம் இடது ஓரமாக ஒதுங்கின. மற்றவை வலப்பக்கம் ஒதுங்கின. நடுவில் நேர் வகிடு எடுத்ததுபோல ஒரு பாதை!

"யார் சொல்லி ஒதுங்குறாங்க?"

"தாத்தா, இது ரெட்டுங்ஸ்காஸே. ஆம்புலன்ஸுக்கு வழி!" என்றாள் பேத்தி.

"சைரன் சத்தமே கேக்கலையே கண்ணு?"

"கேக்கறதுக்கு முன்னாடியே விடணும் தாத்தா. அதான் ரூல்."

சைரன் அலறியும் வழி கிடைக்காமல் நின்ற எத்தனையோ ஆம்புலன்ஸ்களைத் தன் பேருந்தின் பக்கக் கண்ணாடியில் பார்த்தவர் அவர். அதன்பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தண்ணீருக்குள் ஒரு மேட்டூர்

ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் கிடையாது. ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலைகளில் நுழைய 'விக்னெட்' வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கராகவோ, வண்டி எண்ணோடு இணைந்த டிஜிட்டல் சீட்டாகவோ வாங்கலாம். மகன் டிஜிட்டலில் வாங்கியிருந்தான். ஃபெர்ன் கணவாய், லாண்டெக் வழியாக ரெஷன் கணவாயைத் தாண்டியதும் இத்தாலி. ஆனால் கடைப் பலகைகளில் ஜெர்மன். தெற்கு டைரோல் என்ற இந்தப் பகுதி முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது. இன்றும் ஊர்ப்பெயர்கள் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டிருக்கின்றன.

அங்கே ஒரு பெரிய ஏரி. கரையை ஒட்டி, தண்ணீருக்கு நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டியது 14-ஆம் நூற்றாண்டில். மின்சாரத்துக்காக அணை கட்டி, 1950-ல் கிராவுன் என்ற கிராமத்தையே மூழ்கடித்தார்கள். மிஞ்சியது கோபுரம் ஒன்றுதான்.

அப்பா சட்டென்று நின்றுவிட்டார். "நம்ம மேட்டூர் மாதிரியே இருக்கே!"

மேட்டூர் அணையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைச் சேலத்துக்காரர்கள் அறிவார்கள்.

"இங்க குடியிருந்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டார் அம்மா. மேட்டில் புதிதாகக் கட்டிய ஊரை மருமகள் காட்டினாள். அங்கே போகாமல், ஊரைவிட்டே கிளம்பியவர்களும் உண்டு. அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார். மகன் கடிகாரத்தைப் பார்த்தான். திட்டப்படி இந்த நிறுத்தத்துக்கு 15 நிமிடம்.

"டேய், ஓரங்கட்டு!"

பிராட்டோ என்ற ஊரிலிருந்து ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏற்றம் தொடங்குகிறது. சுமார் 24 கி.மீ. தூரத்தில் 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. கீழே 48-ல் தொடங்கி, மேலே போகப் போக எண் குறையும். ஆஸ்திரியப் பேரரசு 1820 முதல் 1825 வரை குதிரை வண்டிகளுக்காகப் போட்ட சாலை இது.

அப்பா ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு எண்ணினார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவதைப் பார்த்து, "மலைப்பாதைக்கு எந்த ஊர்லயும் ஒரே சட்டம்தான்" என்றார்.

உச்சி 2,757 மீட்டர். ஜூலையிலும் சால்வை தேவைப்பட்ட குளிர். தள்ளுவண்டிக் கடையில், வாட்டிய சாசேஜை ரொட்டியில் வைத்துத் தந்தார்கள். அப்பா ருசித்துச் சாப்பிட, அம்மா பிளாஸ்க் டீ குடித்தார். "கிளம்பலாம், ராத்திரிக்குள்ள சுவிட்சர்லாந்து போகணும்" என்றான் மகன்.

போர்மியோ பக்கம் இறக்கம். கார் ஆட்டோமேட்டிக். வளைவுக்கு வளைவு பிரேக், நேர்ப்பாதையிலும் பிரேக். ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதும் கருகிய வாசனை வந்தது. எதிரே போன வண்டியாக இருக்கும் என்று மகன் நினைத்தான்.

"டேய், ஓரங்கட்டு! உடனே!" அந்தக் குரலை மகன் சின்ன வயசுக்குப் பிறகு கேட்டதே இல்லை.

சாலையோர விடுதி ஒன்றின் முன்னால் இடம் இருந்தது. அங்கே நிறுத்தும்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. மருமகள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"தண்ணி ஊத்தாதம்மா, சூட்டுல டிஸ்க் வெடிச்சிரும். தானா ஆறட்டும்."

பிறகு மகனிடம் நிதானமாகச் சொன்னார். "பிரேக்கை அமுக்கிக்கிட்டே இறங்கினா சூடு ஏறும். எண்ணெய் கொதிச்சுதுன்னா பெடல் சும்மா உள்ள போகும், வண்டி நிக்காது. எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்கணும். இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். இந்த வண்டியில கியரை நாமளே மாத்த வழி இல்லையா?"

இருந்தது. கியர் லீவரில் 'எம்' என்ற எழுத்து. வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் மகன் அதைத் தொட்டதே இல்லை. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

போண்டா கிடைத்த மலை

பிரேக் ஆற வேண்டும். வேறு வழியில்லை, அந்த விடுதியிலேயே உட்கார்ந்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் வால்டெல்லினா. மலைக்குளிரில் கோதுமை நன்றாக விளையாததால், இவர்கள் தலைமுறை தலைமுறையாக பக்வீட் என்ற கருநிறத் தானியத்தை நம்பி வாழ்ந்தவர்கள். அந்த மாவில் செய்த பட்டை நூடுல்ஸோடு உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெண்ணெய், பூண்டு, பாலாடைக்கட்டி சேர்த்தால் 'பிட்சோக்கெரி'. அதே மாவுக்குள் பாலாடைக்கட்டியை வைத்து எண்ணெயில் பொரித்தால் 'ஷியாட்'. உள்ளூர் பேச்சில் தேரை என்று அர்த்தம்.

அம்மா ஒன்றைப் பிய்த்தார். "அட, இது போண்டா!"

சைவர்கள் ஒரு விஷயம் கேட்டுக்கொள்வது நல்லது. இத்தாலியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில், பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கப்படுகிறது. ஷியாட் மாவில் சிலர் கொஞ்சம் மதுவும் ஊற்றுவார்கள். முட்டை சாப்பிடாத அம்மாவுக்காக மருமகள் எல்லாவற்றையும் விசாரித்தாள். சமையல்காரப் பெண்மணி கோபப்படவில்லை. பாலாடைக்கட்டியையும் மதுவையும் விட்டுவிட்டு, உருளைக்கிழங்கு வைத்து ஐந்தாறு தனியாகப் பொரித்துத் தந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பக்குவம் பார்த்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. இருந்தும் அரைமணி நேரம் பேசினார்கள்.

வெளியே மாட்டு மணிச் சத்தம். அப்பா திண்ணை போன்ற மரப்பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மகன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தான். சுவிட்சர்லாந்து ஓட்டலுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு விடுதிக்காரரிடம் இரண்டு அறை கேட்டான்.

காரை நிறுத்திவிட்டு ரயிலில்

மறுநாள், போர்மியோவிலிருந்து சுமார் 40 கி.மீ. கீழே உள்ள டிரானோவுக்குப் போய்க் காரை நிறுத்திவிட்டு பெர்னினா ரயில் ஏறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை. நம் நீலகிரி மலை ரயில் செங்குத்தான ஏற்றத்தில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும். இது அப்படி எதுவும் இல்லாமல் 2,253 மீட்டர் உயரம் வரை ஏறி, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் போய்ச் சேரும். புருசியோவில் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடிக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மகன் ஆல்ப்ஸ் மலையை ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஓட்டுகிறவனுக்குச் சாலை மட்டும்தானே தெரியும்!

அன்றிரவு, பெற்றோரை அழைக்கக் காத்திருக்கும் அலுவலக நண்பர்களுக்காக மொபைலில் ஒரு குறிப்பு எழுதினான்.

'ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சுவிஸ் நெடுஞ்சாலையில் போனால் 40 ஃபிராங்க் விக்னெட் வாங்கணும், அங்கே ஒரு நாள் சீட்டு கிடையாது. இத்தாலியப் பழைய ஊர்களில் இசட்.டி.எல். பலகை இருந்தால் காரோடு நுழையாதீர்கள். கேமரா படம் எடுக்கும், அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். மலைக் கணவாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மலையில் இறங்கும்போது சின்ன கியர்.'

மூன்றாம் நாள் காலை, ஒரு மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டி 'சரி' என்று கேட்டுக்கொண்ட பிறகே திரும்பினார்கள். மறுபடி ஸ்டெல்வியோ. இந்தத் தடவை 48 வளைவுகளிலும் இறங்க வேண்டும். மகன் லீவரை 'எம்' பக்கம் தள்ளி, இரண்டாம் கியரில் வைத்தான். இன்ஜின் உறுமியது, வண்டி அடங்கி நடந்தது. பிரேக், வளைவுக்கு ஒரு தொடல் மட்டும்.

பத்தாவது பலகை தாண்டியதும் அப்பா எண்ணுவது நின்றுபோனது. மகன் பக்கத்தில் பார்த்தான். 30 வருஷத்தில் மலைப்பாதையில் ஒருமுறைகூடக் கண்ணசராத மனிதர், தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் ஆப்பிள் தோட்டங்கள் வந்தபோதுதான் விழித்தார். "இறங்கியாச்சா?"

"இறங்கியாச்சுப்பா. எங்கயாவது நிறுத்தட்டுமா?"

"நிறுத்து. அம்மாவுக்கு டீ வேணும்."