காரீயமும் விண்மீனும்

நமது கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கிய நயம் பற்றியோ சமய குரவர் பெருமை பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணத்துக்கு மாறாக விஞ்ஞானம் பற்றி எழுதத் துணிந்தேன். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றன்றி விஞ்ஞானப் பட்டம் எதுவும் பெற்றிலேன். ஆயினும் டிக்கோயாவின் தேயிலை மலைகளிடையே இருந்து ஆண்டுதோறும் யான் காணும் ஒரு காட்சியும், ஒரு மாணவி கேட்ட வினாவுமே இத்துணிவைத் தந்தன.

மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத யாத்திரைக் காலம். அக்காலத்தில் இரவு வேளை எங்கள் தோட்டத்து மேட்டில் நின்று மேற்கே நோக்கினால், இருளில் மலையின் உருவம் மறைந்துபோக, படிவழியிற் கட்டிய மின்விளக்குகள் மாத்திரம் நிலத்திலிருந்து வானுக்குச் சார்த்திய ஏணிபோலத் தோன்றும். ஏணியின் உச்சி விளக்கு எது, விண்மீன் எது எனப் பிரித்தறிதல் அரிது. ஒருநாள் மாணவர் சிலருடன் அவ்விடத்தில் நின்றபோது, கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள், “சேர், லைட்டு எல்லாம் மலையோட நின்னுருதே, அதுக்கு மேலயும் படி கட்ட முடியாதா?” என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். யான் சிரித்திலேன், அவ்வினாவை அவளுக்கு முன்னரே உலகம் போற்றிய அறிஞர் சிலர் கேட்டுள்ளனர் என்பதை அறிந்திருந்தேன்.

1895ஆம் ஆண்டிலே ருஷிய அறிஞர் சியோல்கொவ்ஸ்கி, பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தை நினைந்து, விண்வெளிவரை உயரும் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்தார். 1960இலே லெனின்கிராட்டைச் சேர்ந்த ஆட்சுதானொவ் என்னும் பொறியியலாளர் அதனைத் தலைகீழாக மாற்றினார். கோபுரத்தைக் கீழிருந்து கட்டுவதேன்? மேலிருந்து கயிற்றைத் தொங்கவிடலாமே என்றார். மத்தியகோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் செல்லும் செய்மதி, புவி ஒருமுறை சுழலும் அதே காலத்தில் தானும் ஒருமுறை சுற்றிவருதலால், நிலத்திலிருந்து நோக்குவார்க்கு அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து ஒரு கயிறு புவியை நோக்கி இறங்க, அதற்கு ஈடாக மற்றொன்று புறவெளி நோக்கி நீளுமாயின், இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும். அக்கயிற்றைப் பற்றி ஏறும் ஊர்தியே விண்ணேணி.

அசையாது நிற்கும் அச்செய்மதிகளாற் செய்தித் தொடர்பு நடத்தலாம் என 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரு சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956இலே இலங்கைக்கு வந்து, 2008இற் கொழும்பில் மறையும்வரை இந்நாட்டையே இல்லமாகக் கொண்டவர். 1979இல் அவர் வெளியிட்ட நாவலிலே விண்ணேணி புறப்படும் இடம் எது என நினைக்கின்றீர்கள்? நமது சிவனொளிபாதமலையே அவர் மனத்திற் கொண்ட மலை. மெய்யான மலை வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்து 2,243 மீற்றர் உயர்ந்துள்ளது. ஏணியோ மத்தியகோட்டில் நிற்றல் வேண்டும். ஆகவே கதையின் பொருட்டு இலங்கையை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, மலையின் உயரத்தையும் இரட்டித்தார்! எழுத்தாளர்க்கு அவ்வுரிமை உண்டு. எங்கள் மாணவியின் வினாவும் அவ்வாசிரியர் கனவும் ஒரே மலையிற் பிறந்தவை என்பதே யான் ஈண்டுக் குறிக்க விரும்புவது.

ஏணி ஏன் இன்னும் எழவில்லை? தடை வானத்தில் இல்லை, கயிற்றிலே உள்ளது. எந்தக் கயிற்றையும் மிக நீளமாகத் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். மிகச் சிறந்த எஃகுக் கம்பியும் சில பத்துக் கிலோமீற்றர் அளவிலேயே அறும். உயரஞ் செல்லச் செல்ல ஈர்ப்புக் குறைவதைக் கழித்துக் கணித்தாலும், விண்ணேணிக்கு வேண்டிய வலிமை, நிலத்து ஈர்ப்பிலே ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர் நீளம் தொங்கினும் அறாத வலிமையாகும். அடியில் மெலிந்தும் உயரத்தில் தடித்தும் கயிற்றை அமைத்தால் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் எஃகாலாயின் அத்தடிப்புக் கற்பனைக்கும் அடங்காது. ஆகவே வானியலின் வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு, பொருள்களின் இயல்பை ஆராயும் விஞ்ஞானத்தின்மேல் விழுந்தது.

விடை எங்கிருந்து வந்தது என்பதுதான் விந்தை. முதுமையுற்ற விண்மீன்கள் சில காபன் புகையை வெளிவிடுகின்றன. அப்புகையிலே எத்தகைய மூலக்கூறுகள் உண்டாகும் என்று அறிய விரும்பினார் ஆங்கில நாட்டுப் பேராசிரியர் குரோற்றோ. 1985இலே அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சுமோலி, கேள் என்போருடன் காரீயத்தை ஒளிக்கற்றையால் ஆவியாக்கி ஆராய்ந்தபோது, 60 காபன் அணுக்கள் உதைபந்தின் தையல்போல் ஒன்றுகூடிய உருண்டை மூலக்கூறு ஒன்று கைக்கு வந்தது. 1996இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2010இலே சுபிற்சர் விண்தொலைகாட்டி அதே மூலக்கூற்றை இறந்துபட்ட விண்மீனொன்றின் புகைமண்டலத்திற் கண்டது. விண்மீனை வினவப் புகுந்தோர் புதுப்பொருள் ஒன்றைக் கண்டனர். பின்னர் அப்பொருளே விண்ணிலும் காணப்பட்டது!

அதன்பின் 1991இலே யப்பானிய அறிஞர் இய்ஜிமா காபன் நானோகுழாய்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 2004இலே மஞ்செஸ்ரர் நகரத்து கெயிம், நொவொசெலொவ் என்னும் இருவர், காரீயத்தின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, உரித்ததை மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுத் தடிப்பேயுள்ள காபன் தாளைப் பிரித்தெடுத்தனர். அதற்குக் கிராபீன் என்று பெயர். 2010இல் இவர்களும் நோபல் பரிசு பெற்றனர். 2008இல் அமெரிக்காவிற் செய்த அளவீட்டின்படி குறையற்ற கிராபீனின் வலிமையைக் கணக்கிட்டால், அது 5,000 கிலோமீற்றருக்குச் சற்று மேலாகவே தன்னைத்தான் தாங்கும். ஏணிக்கு வேண்டிய எல்லையை இயற்கை மறுக்கவில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. ஆனால் அவ்வலிமை நுண்ணிய துண்டுகளுக்கே உரியது. தனித்த நானோகுழாயை அரை மீற்றரளவுக்கு வளர்த்ததே பெருஞ் சாதனையாகப் பேசப்பட்டது. யப்பானியக் கட்டட நிறுவனமொன்று 2050இலே ஏணி அமைக்கும் திட்டத்தை 2012இல் அறிவித்தது. அது நிறைவேறுமோ என்பதில் எனக்கு ஐயமுண்டு. எனினும் ஐயத்தோடு கூடிய நம்பிக்கையன்றோ விஞ்ஞானம்!

இனி, நம் நாட்டுக்கு வருவோம். பாறைப் பிளவுகளிலே கொடிபோல் ஓடும் மிகத் தூய காரீயத்துக்கு உலகிற் பெயர்பெற்றது இலங்கை. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் அது அகழப்படுகின்றது. நெடுங்காலமாக நாம் அதனை மூலப்பொருளாகவே கப்பலேற்றினோம். பிறர் அதைக் கொண்டு விலையுயர்ந்த பொருள்களைச் செய்தனர். தேயிலையின் கதையும் பெரும்பாலும் அதுவே. 2008இலே தொடங்கப்பட்டு இன்று ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நானோ தொழினுட்ப நிறுவகம், நம் காரீயத்திலிருந்து கிராபீனைப் பிரிக்கும் வழிகளை ஆராய்ந்து கண்டுள்ளமை பெருமைக்குரியது. அவ்வாய்வுகூடங்களுள் மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் எத்துணைப் பேர் நுழைவர்? இதுவே என் நெஞ்சை உறுத்தும் வினா.

காரீயம் மண்ணுள் இருக்கும்வரை கரியே. எடுத்துப் பண்படுத்தினாலன்றோ எஃகை வெல்லும் பொருளாகும். எங்கள் பிள்ளைகளும் அவ்வாறே மூலப்பொருளாக விடப்பட்டுள்ளனர். பெருந்தோட்டப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளிலே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை இன்றும் மிகச் சிலவே. பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியர் இன்மையாற் கலைப்பிரிவுக்குத் திருப்பப்பட்ட கூரிய பிள்ளைகளை யான் அறிவேன். அவர்கள் என் தமிழ் வகுப்பிலே முதன்மை பெற்றனர். அதனால் மகிழ்ந்தேன் என்று சொல்ல இயலவில்லை.

“வயிற்றுக்கே போதாத இடத்தில் விண்மீன் எதற்கு?” என்பார் உளர். அவர்க்கு என் விடை இது: வானம் பார்ப்பதற்குக் கூலி வேண்டியதில்லை. தலைநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கொளியால் மறைந்துபோன வானம், தோட்டத்து லயத்தின் முற்றத்திலே தெளிவாக விரிந்து கிடக்கின்றது. தை, மாசித் திங்களின் பனிதெளிந்த இரவுகளிலே எங்கள் மலைமேல் கார்த்திகைக் கூட்டமும், தெற்கே அகத்தியர் மீனும், இரவு முதிரத் தென்சிலுவையும் எழுவதைக் காண்கின்றோம். வேறெதிலும் பின்தள்ளப்பட்ட எங்கள் பிள்ளைகளுக்கு இஃதொன்றிலே இயற்கை முன்னிடம் தந்துள்ளது. அதனையும் வீணாக்கலாமா?

“இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே” என்பார் இன்னொரு சாரார். முன்னோரிடத்து எனக்குள்ள பக்தி எவர்க்கும் குறைந்ததன்று. அருந்ததியைக் காட்டி மணம் முடித்த மரபினர் வானை உற்று நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிவனொளிபாதத்துப் படிகளில் விண்ணேணியின் குறிப்பு உண்டு என்று சாதித்தல் முன்னோருக்குப் பெருமையாகாது; அளந்தறியும் முயற்சியினின்று இளைஞரை விலக்குவதே அதன் பயன். 1930ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதுத் தமிழிளைஞர் சந்திரசேகர் இங்கிலாந்து செல்லும் கப்பலில் இருந்து, வெண்குறு விண்மீன்களின் பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தார். மரபைப் பேசி அவர் நோபல் பரிசு பெற்றிலர். கணித்துப் பெற்றார், 1983இல். அவ்வெண்குறு மீன்கள் குளிருங்கால் அவற்றின் காபனும் ஒட்சிசனும் பளிங்காக உறைகின்றன என்பதற்குக் காயியா விண்கலத்தின் அளவீடுகள் 2019இலே சான்று தந்தன. கணிப்புக்கு இறப்பில்லை.

ஆகவே பழைய மாணவர்களாகிய உங்களிடம் யான் வேண்டுவன மூன்று. முதலாவது, மலைநாட்டுப் பாடசாலை ஒன்றுக்கு ஓர் இருகண் தொலைகாட்டி வாங்கிக் கொடுங்கள். 1610இலே கலிலியோ கண்ட வியாழனின் நான்கு சந்திரர்களையும் அதனாற் காணலாம். இரண்டாவது, பொறியியலாளராகவும் மருத்துவராகவும் விளங்குவோர் ஆண்டில் ஓர் இரவையேனும் எங்கள் பிள்ளைகளோடு கழியுங்கள். பென்சிலும் ஒட்டுநாடாவும் கொண்டு காரீயத்தை உரித்துக் காட்டுங்கள்; பழைய இசைத்தட்டொன்றிலே விளக்கொளி பட்டு வானவில்லாகப் பிரிவதைக் காட்டி, விண்மீனின் பொருளை நிலத்திலிருந்தே அறியும் வழி அதுவே எனக் கூறுங்கள். மூன்றாவது, தமிழில் எழுதுங்கள். ஐம்பதுகளிலே அரசகரும மொழித் திணைக்களத்தார் சொற்றொகுதிகள் ஆக்கி விஞ்ஞானத்தைத் தமிழிற் பேச வழிசெய்தனர். அவ்வழியிற் புல் முளைக்க விடலாகாது. இப்பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதாலேயே யான் எழுதுகின்றேன்.

மாணவத் தம்பிமாரே! பரீட்சைக்கு வாராதது என்று எதனையும் தள்ளாதீர். ஒட்டுநாடாவும் பொறுமையும் நோபல் பரிசுக்குக் கருவியாயின என்பதை நினைவில் வையுங்கள்.

அன்றிரவு அம்மாணவிக்கு யான் கூறிய மறுமொழி இது: “கட்டலாம் அம்மா. கயிறுதான் இன்னும் திரிக்கப்படவில்லை.” அவள் சற்றுநேரம் எண்ணியிருந்து, “அப்ப யாராவது படிச்சுத் திரிக்கணும்” என்றாள். அவள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். அவள் விரும்பும் பாடத்தைக் கற்பிக்கும் பாடசாலை இருப்பது தொலைவில்; பேருந்துக் கட்டணமோ தாயின் நாட்கூலியிலே கணிசமான பங்கு. கயிற்றின் முதல் இழை அங்கேதான் அறுகின்றது. அதனை முடிந்து கொடுத்தல் நம்மால் இயலாததன்று.

வாழ்க நம் கல்லூரி அன்னை! வளர்க அவள் மக்களின் அறமும் அறிவும்!