எந்த மாநிலத்துப் பிள்ளை?

திருச்சியை அடுத்த துவாக்குடியில் தாத்தா வீடு. கூப்பிடு தூரத்தில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். பேரன் படிப்பது தில்லியில். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தாத்தா சொல்வது ஒன்றுதான்: "நம்ம ஊர் காலேஜ், உனக்கில்லாத இடமா?" ஆனால் சேர்க்கை விதிகளின்படி அந்தப் பேரன் வெளிமாநிலத்துப் பையன்.

குடும்பம் கற்பனை, சிக்கல் நிஜம். என்.ஐ.டி.களில் பொதுவாகப் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு. இதில் சொந்த மாநிலம் எது என்பதைத் தாய்மொழியோ, பூர்வீகமோ, ரேஷன் கார்டோ தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுவே சொந்த மாநிலம். தில்லியில் பிளஸ் டூ முடித்த தமிழ்ப் பையன் திருச்சியில் மற்ற மாநிலத்தவர்களோடுதான் போட்டியிட வேண்டும்.

அதே பையன் தமிழ்நாட்டு பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் கதை மாறுகிறது. 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை வெளியூரில் படித்திருந்தாலும், பூர்வீகம் தமிழ்நாடு என்பதற்கான இருப்பிடச் சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்க முடியும். அங்கு நுழைவுத் தேர்வும் இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என பிளஸ் டூ மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை தயாராகிறது. ஆக, ஓரிடத்தில் தில்லிக்காரன், இன்னோரிடத்தில் தமிழ்நாட்டுக்காரன்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு அளவுகோல். தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 85 சதவிகித இடங்கள் தில்லியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. கர்நாடகத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கான முக்கியப் பிரிவில், அங்கே குறைந்தது 7 கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் அங்கேயே முடித்திருக்க வேண்டும்.

மும்பையில் பத்தாவது முடித்த மகளை நீட் பயிற்சிக்காகக் கோட்டாவுக்கு அனுப்பி, ராஜஸ்தான் பள்ளியொன்றில் பெயரளவுக்குச் சேர்க்கும் பெற்றோர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவிகித இடங்களே அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 சதவிகிதம் மாநிலத்தின் கையில். பயிற்சி கிடைத்தது, மும்பை, புனே கல்லூரிகளின் பெரும்பங்கு இடங்கள் கைநழுவின. இது தெரிய வரும்போது பெண் பன்னிரண்டாவதை முடித்திருப்பாள். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

எனவே கல்லூரிக்கான திட்டம் பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் தொடங்குகிறது. அப்போது வீட்டில் மூன்று விஷயங்களைப் பேசி முடிப்பது நல்லது.

முதலாவது, ஊர். அப்பாவுக்கு மாற்றல் வரப்போகிறதா? வந்தால் குடும்பமே போவதா, பிள்ளை பழைய பள்ளியிலேயே முடிப்பதா? எந்த மாநிலத்தில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கலாம். ஐ.ஐ.டி.களிலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் மாநில ஒதுக்கீடு கிடையாது. இலக்கு அவை மட்டும்தான் என்றால், இதற்காகப் பிள்ளையை ஊர் மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, பாடம். கணக்கு வராது என்று பதினொன்றில் அதைக் கைவிடும் மாணவிக்கு, தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆனர்ஸ் படிப்பும் அத்துடன் போய்விடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடக்கும் பொது நுழைவுத் தேர்வில் அந்தப் படிப்புக்குக் கணிதத் தாள் கட்டாயம்.

மூன்றாவது, காகிதம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராக இருப்பவர், மத்தியப் பட்டியலில் தன் சாதி இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் அதற்குரிய படிவத்தில் இருக்க வேண்டும். ஜே.இ.இ. வழிச் சேர்க்கைக்கு, அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதையே கேட்கிறார்கள். பழைய சான்றிதழைக் காட்டி மன்றாடிப் பயனில்லை.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் சேர்ந்த கதையை நம்பாமல், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படிப்பதே பாதுகாப்பு.

துவாக்குடித் தாத்தாவுக்கும் இதில் வேலை உண்டு. மகனின் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அவருடைய டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். பேரன் பத்தாவது எழுதும்போதே அவற்றைத் தேடி எடுத்து வைத்தால், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது அலைச்சல் பாதியாகக் குறையும்.